தூண் காசுத் திருடன்

பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னா கேக்கிய? ரெண்டும் இல்ல அண்ணாச்சி. நான் இங்க வரணும்னு வந்தவன் இல்ல. எங்க வீட்டுல காலையிலேயே கிளம்பி வந்துட்டா. மணப்பொண்ணுக்குப் பூ வைக்கேன், சேலை மடிப்புச் சரி பண்ணுதேன்னு மேடைக்குப் பின்னால நிக்கா. அவளைக் கூட்டிக்கிட்டுப் போகணும்ல, அதுக்காகக் கடைசி வரிசையில ஒரு ஃபேனாப் பாத்து உக்காந்திருக்கேன்.

நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமாவா? மார்த்தாண்டமா? நல்லதாப் போச்சு. அப்போ உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயந்தான். மேடையில சாம்பல் கலர் கோட்டுப் போட்டுக்கிட்டு, வாரவன் போறவனுக்கெல்லாம் கை குடுத்துக்கிட்டு நிக்கான் பாருங்க, பொண்ணுக்கு அப்பன், டாக்டர் ஞானசிகாமணி. டாக்டர்னதும் இருதயத்தைத் தொறந்து தைக்கிறவன்னு நெனச்சிராதீங்க. பல்லு. பாளையங்கோட்டையில பாதிப் பேரு வாய்க்குள்ள கையை விட்டவன்.

அவன் ஒரு திருடன்.

ஏன் அப்படித் திரும்பிப் பாக்கிய? மெதுவாச் சொல்லணுமா? எதுக்கு? இல்லாததையா சொல்லுதேன்? சபையில நின்னு அவனே ஒத்துக்கிட்ட திருட்டு. இந்த மண்டபத்துல உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். பிரியாணி வாசனை வருதுல்ல, அதனால வாயை மூடிக்கிட்டு இருக்கானுக.

என் பேரு ஆவுடைநாயகம். சார்பதிவாளரா இருந்து ஓய்வு பெத்தவன். எத்தனை போலிப் பத்திரம் என் மேசைக்கு வந்திருக்கும்ங்கிய? முத்திரையைப் பாக்க வேண்டாம், கையெழுத்தைப் பாக்க வேண்டாம், ஆளு நாற்காலியில உக்காருத தோரணையிலேயே சொல்லிருவேன், இது போலின்னு. என் கண்ணு அப்படி. அந்தக் கண்ணு இருந்ததுனாலதான் காசு சேக்கிறதுல இறங்கினேன். அதுவும் கண்ட காசு இல்ல.

எங்க ஊர்ல ஒரு நாணயச் சங்கம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில கூடுவாங்க. அதுல ஒருத்தன், தன்னோட பிறந்த தேதி நம்பர் வர்ற ரூபா நோட்டாத் தேடிச் சேக்கான். அவன் பிறந்ததே ஒரு தண்டம், அதுக்கு நோட்டு வேற. இன்னொருத்தன் ஜவுளிக்கடைக்காரன், தலைவர்கள் படம் போட்ட காசைப் பிளாஸ்டிக் பையில அடைச்சு அடுக்கியிருப்பான், பட்டாணிக்கடை மாதிரி இருக்கும். ஒரு டீச்சரம்மா, ஓட்டைக் காலணா. ஓட்டையைத்தான் சேக்குதாளா, காலணாவைச் சேக்குதாளான்னு கடைசி வரைக்கும் எனக்கு விளங்கல.

நான் சேக்கிறது ஒண்ணே ஒண்ணு. ஸ்பெயின்காரன் வெள்ளி. அவன் கடல் தாண்டிப் போயி மெக்சிகோவைப் பிடிச்சான்ல, அங்க மலை மலையா வெள்ளி தோண்டி, அங்கேயே காசு அடிச்சு உலகம் பூரா அனுப்பினான். எட்டு ரியால்னு பேரு. உள்ளங்கையை நிறைக்கிற காசு. ஒரு பக்கம் ரெண்டு தூணு, நடுவில உலக உருண்டை ரெண்டு, மேல கிரீடம், கீழ கடல் அலை. நான் அதைத் தூண் காசும்பேன். கப்பல் ஏறி மணிலாவுக்கு வந்து, சீனாவுக்குப் போயி, பினாங்கு, மலாக்கான்னு சுத்தி, வியாபாரிக பெட்டியோட நம்ம கரைக்கும் வந்து சேந்துது. கையில வச்சா ஒரு கனம் இருக்கும் பாருங்க, அதெல்லாம் சொன்னா விளங்காது. உங்களுக்கு எதுல வேலை? ரப்பரா? அப்போ சுத்தமா விளங்காது.

சங்கத்துல அந்தக் காசைப் பத்தித் தெரிஞ்சவன் என்னைவிட்டா இந்த ஞானசிகாமணி ஒருத்தன்தான். அதனாலதான் பழக்கமாச்சு. ஆள் பத்தாத குறைக்குப் பழகினதுன்னு வச்சுக்கிடுங்க. சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்கை மூடிட்டு, காரை எடுத்துக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து ஹாரன் அடிப்பான். குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம், கீழக்கரைன்னு போவோம். பழைய வீட்டுக்காரங்க, கொழும்பு, பினாங்குன்னு வியாபாரம் பண்ணின குடும்பங்க, பெட்டியைத் தொறந்து காட்டுவாங்க. நான் சைவம்னு எனக்குத் தனியாத் தயிர்சோறும் மாங்கா ஊறுகாயும் கட்டிக்கிட்டு வருவான். நான் கேட்டேனா? கேக்கவே இல்ல. தானா இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்வான். அப்படிச் செய்யிறவனைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். பதிவு ஆபீஸ்ல அப்படிப் பழம் வாங்கிக்கிட்டு வாரவன்தான் வில்லங்கத்தோட வருவான்.

காசு பொறுக்குறதுல அவன் ரசனை என்ன தெரியுமா? சீனாக்காரன் கொத்தின காசு. அந்தக் காலத்துச் சீன வியாபாரி, வெள்ளி நல்ல வெள்ளியான்னு பாத்துட்டு, அது மேல தன் முத்திரையை உளியால குத்தி அனுப்புவான். அடுத்தவன் ஒண்ணு குத்துவான். பத்துப் பேர் கை மாறினா ராசா தலை, கிரீடம், தூணு எல்லாம் போயி, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆகிரும். அதைப் போயி இவன் வெல்வெட்டுத் துணியில வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பான்.

“ஒவ்வொரு குத்தும் ஒரு ஆளு அண்ணாச்சி. எவனோ ஒருத்தன் கையில வாங்கிப் பாத்து, ‘இது நல்லது, என்னை நம்பி வாங்கலாம்’னு அடுத்தவனுக்குச் சொல்லியிருக்கான் பாருங்க”ம்பான்.

“பல்லுல ஓட்டை பாத்துப் பாத்து உமக்குக் காசுலயும் ஓட்டை வேண்டியிருக்கு வே”ம்பேன் நான். சிரிப்பான். சூடு சொரணை கிடையாது. மேடையில நின்னு சிரிக்கான் பாருங்க, அதே சிரிப்புத்தான்.

எனக்கு வேண்டியது மாசு மருவில்லாத தூண் காசு. ஒரு கீறல் விழாதது. அது ஒண்ணு சிக்காதான்னு அலைஞ்சேன். கடைசியில மதுரையில ஒரு லாட்ஜுல வச்சுச் சிக்கிச்சு. தரகர் ஒருத்தர் போன் பண்ணினார். இவன்கிட்டச் சொல்லாமலேதான் போனேன். சொன்னா, ‘நானும் வாரேன்’னு ஒட்டிக்கிட்டு வந்து, இவன் வாங்கிட்டான்னா? தரகர் பட்டுத்துணியைப் பிரிச்சார் பாருங்க, அண்ணாச்சி, ஜன்னல் வெளிச்சத்துல அந்தக் காசு இருந்த இருப்பு! நேத்து அடிச்ச மாதிரி. அலையில ஒவ்வொரு வளைவும் தெரியுது. ஓய்வு பெத்தப்போ வந்த பணத்துல ஒரு பங்கை அங்கேயே எண்ணி வச்சுட்டேன். “எடை போட்டுப் பாக்கிறியளா ஐயா?”ன்னு தரகரே கேட்டார். அவர் சட்டைப்பையில சின்னத் தராசு வச்சிருந்தார். நான் சிரிச்சேன். கண்ணு இல்லாதவனுக்குத்தான்யா தராசுன்னேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். ஆளை மதிக்கத் தெரிஞ்சவர். அதுக்குப் பிறகு அவர் போன் நம்பர் மாறிப்போச்சு, பாக்க முடியல.

எங்க வீட்டுல காட்டினேன். அவ என்ன சொன்னா தெரியுமா? “என்னங்க, பாத்திரக்கடையில புதுசா எடுத்த கும்பா மாதிரிப் பளபளன்னு இருக்கு”ங்கா. பொம்பளை. கும்பாவைத் தாண்டி அவளுக்கு என்ன தெரியும்?

அடுத்த சனிக்கிழமை இவன் வந்தான். காட்டினேன். சும்மா பாத்துட்டுப் போகணும்ல? பல்லுப் பாக்குற பூதக்கண்ணாடியைக் கண்ணுல மாட்டிக்கிட்டு, காசைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். விளிம்பைப் பாத்தான். காப்பி ஆறிப்போச்சு. பொறவு கண்ணாடியைக் கழட்டிட்டு, என் முகத்தைப் பாக்காம, “அண்ணாச்சி, எடை ஒண்ணு போட்டுப் பாப்பமா?”ன்னான்.

“எதுக்கு?”

“நான் பல்லுக்குத் தொப்பி செய்ய உலோகத்தை உருக்கி அச்சுல ஊத்துறவன். ஊத்தி வார்த்ததுல இப்படித்தான் பொடிப்பொடியாக் குமிழ் நிக்கும். விளிம்புல ரெண்டு பாதியும் சேந்த தடம் இருக்கு. நெசக் காசு அடிச்ச காசு அண்ணாச்சி, ஊத்தின காசு இல்ல. தரகரைப் பிடிச்சு, இப்பவே திருப்பிக் குடுத்திருவோம். நானும் வாரேன்.”

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க. வாழ்நாள் பூரா போலியைக் கண்டுபிடிச்சவன்கிட்ட, பல்லு புடுங்கிறவன் வந்து பாடம் நடத்துதான். எனக்கு உடனே விளங்கிப்போச்சு. பொறாமை. அவன்கிட்ட இருக்கிறதெல்லாம் குத்து வாங்கின காசு, என்கிட்ட இருக்கிறது நிலா. வயிறு எரியாதா? “வெளிய போம் வே”ன்னேன். எங்க வீட்டுல அடுக்களையிலயிருந்து ஓடி வந்து, “என்னங்க இது”ன்னு பதறுதா. அவ பதறுறதுக்கு என்ன இருக்கு?

அதுக்குப் பொறவும் ரெண்டு மூணு தடவை வந்தான். எங்க வீட்டுல உக்கார வச்சுக் காப்பி குடுப்பா. நான் பூசை அறையில போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன். உள்ள சாமி கும்பிடல. சும்மாதான் நின்னேன். போறவரைக்கும் நின்னேன்.

அந்த வருஷம் சங்கத்துல பெரிய கண்காட்சி வச்சாங்க. சென்னையிலயிருந்து ஒரு நிபுணர் வந்து பாத்துப் பரிசு குடுக்கிறதா ஏற்பாடு. இவன்தான் சங்கத் தலைவர். நான் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன், இந்த ஜில்லாவுலேயே இல்லாத காசைக் காட்டப்போறேன்னு. படத்தோட போட்டான். பழைய ஆபீஸ் ஆளுகளையெல்லாம் வரச் சொன்னேன். எங்க சம்பந்தியையும் கூப்பிட்டேன். அவர் ஜட்ஜா இருந்து ரிட்டயர் ஆனவர், பதிவு ஆபீஸ்னா அவருக்கு ஒரு இளக்காரம். எம் மகளைக் கட்டிக்குடுத்த நாள்ல இருந்து, என்கிட்டப் பேசும்போது ஒரு பக்கமா உதட்டைச் சுழிச்சுக்கிட்டுத்தான் பேசுவார். அன்னைக்கு அவர் முன்வரிசையில உக்காந்திருந்தார். போதாததுக்கு, சாயங்காலம் ஒரு சொற்பொழிவு வச்சிருந்தாங்க. தலைப்பு, ‘போலி நாணயங்களைக் கண்டறிவது எப்படி?’ பேசப் போறது யாரு? நான்.

காலையில கண்ணாடிப் பெட்டியில காசை வச்சேன். கூட்டம் அதைச் சுத்தித்தான். அந்த நிபுணர் வந்தார், தடிக் கண்ணாடி போட்ட ஆளு. குனிஞ்சு பாத்தார், நிமிந்து என்னைப் பாத்தார், “அப்படியா?”ன்னார். அவ்வளவுதான். சென்னைக்காரங்களுக்குப் பாராட்ட வாய் வராது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால இவன் என் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் வேர்த்திருக்கு. கையைப் பிடிச்சான்.

“அண்ணாச்சி, சாப்பாடு முடிஞ்சதும் ஒவ்வொரு காசா எல்லார் முன்னாலயும் எடை போடப் போறாங்க. விளிம்பைப் பெருசாக்கித் திரையில காட்டப் போறாங்களாம். முதல்ல உங்க காசுதான்னு நிபுணர் சொல்லிட்டார். நான் பேசிப் பாத்தேன், அவர் கேக்கல. தலை சுத்துதுன்னு சொல்லிக் காசை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

“திரையில காட்டட்டும். ஊரே பாக்கட்டும். உம்ம அம்மைக் காசுகளைப் பொறுக்கிக்கிட்டு நீரு போம்”னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். நாலு பேரு சிரிச்சாங்க. அவன் பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னான். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். திருடுறதுக்கு முன்னால ஒருத்தன் பாக்கிற பார்வை.

சாப்பிட்டுட்டுத் திரும்பி வாரேன், பெட்டி தொறந்து கிடக்கு. காசைக் காணோம்.

அண்ணாச்சி, நான் கத்தின கத்தலை நீங்க செத்த வீட்டுலகூடக் கேட்டிருக்க மாட்டிய. கதவைச் சாத்துன்னேன். எவனும் வெளிய போகக் கூடாதுன்னேன். பூலுடையார்னு ஒரு காவல்காரன், மத்தியானம் பூரா அந்த அறைக்கு அவன்தான் காவல். சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன். ஜவுளிக்கடைக்காரனும் சேந்துக்கிட்டான். அந்த ஆளு, “டாக்டரய்யா சொல்லித்தான் நான் சாப்பிடப் போனேன் சாமி”ன்னு அழுதுக்கிட்டே நிக்கான். எவன் நம்புவான்? ரெண்டு அடி விழுந்திருக்கும். அப்போ வாசல்ல கார் வந்து நிக்கிற சத்தம். இவன் இறங்கி வாரான். பேன்ட்டு முழங்கால் வரைக்கும் ஈரம்.

“அவனை விடுங்க, நான்தான் எடுத்தேன்”னான்.

ஜவுளிக்கடைக்காரன் காவல்காரனை விட்டுட்டு ஒதுங்கினான்.

“எங்க காசு?”ன்னேன்.

“ஆத்துல போட்டுட்டேன்.”

“ஏன் வே? ஏன்?”

எங்க சம்பந்தி எழுந்து வந்து, “என்ன டாக்டர், படிச்சவர் நீங்க, பொறாமையா?”ன்னு கேட்டார். ஆமான்னான். “ஆமா சார், பொறாமை. அவர் காசு மாதிரி என்கிட்ட ஒண்ணு இல்ல.” பாருங்க, அவன் வாயாலேயே! எங்க சம்பந்தி என் தோள்ல கையை வச்சார். முதல் தடவையா உதடு நேரா இருந்துது. “இவ்வளவு பெரிய பொருளை வச்சிருந்திருக்கியளே சம்பந்தி”ன்னார்.

அந்தச் சென்னை நிபுணர் கிளம்பும்போது என்கிட்ட வந்து, “சார், உங்க சிநேகிதர் பெரிய மனுஷர்”னார். திருடன் பெரிய மனுஷனாம். இப்படிப்பட்ட ஆளைப் பரிசு குடுக்கக் கூட்டிக்கிட்டு வந்தா விளங்குமா?

போலீசுக்குப் போறேன்னேன். மறுநாள் காலையில வீட்டு வாசல்ல இவன் நிக்கான். கையில சின்ன வெல்வெட்டுப் பை. உள்ள ஒரு தூண் காசு. அவன் வச்சிருந்ததுலேயே குத்து இல்லாதது அது ஒண்ணுதான். அவன் பொஞ்சாதி சாகிறதுக்கு முன்னால, அவனோட கல்யாண நாளுக்குன்னு கீழக்கரையில ஒரு வீட்டுல சொல்லி வச்சு வாங்கிக் குடுத்தது. அதை யாருக்கும் தொடக்கூடக் குடுக்க மாட்டான். “இதை வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. உங்க காசுக்கு ஈடாகாது. ஆனாலும் வச்சுக்கிடுங்க”ன்னான்.

வாங்கிக்கிட்டேன். ஏன் வாங்கக் கூடாது? நஷ்டஈடு. ஆனா திருடன் குடுக்கிறதைச் சும்மா வாங்குவனா? அன்னைக்கே நகைக்கடைக்குக் கொண்டுபோயி எடை போட்டேன். உரசிப் பாக்கச் சொன்னேன். ரெண்டு கடையில. எல்லாம் சரியாத்தான் இருந்துது. தேய்ஞ்ச காசு, பளபளப்பே கிடையாது, சாம்பல் நிறம். கழுதை கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்.

அடுத்த கூட்டத்துல மன்னிப்புக் கேக்கச் சொன்னேன். கேட்டான். தலைவர் பதவியை விட்டான், சங்கத்தை விட்டான். மிச்சம் இருந்த குத்துக் காசையெல்லாம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டானாம். கிளினிக்குல கூட்டம் குறைஞ்சுது. திருடன் கையை வாய்க்குள்ள விடச் சொல்ல யாருக்குப் பிடிக்கும்? அந்தச் சமயத்துல, இப்போ மேடையில நிக்காளே பியூலா, இந்தப் பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி முடிவாகிற நெலமையில இருந்துது. நாசரேத்துப் பக்கம். அந்த ஆளுக விசாரிக்க என்கிட்ட வந்தாங்க. உள்ளதைச் சொன்னேன். கூடவும் சொல்லல, குறைக்கவும் இல்ல. அதோட அது நின்னுபோச்சு.

என்னை எதுக்கு அப்படிப் பாக்கிய? கேட்டாங்க, சொன்னேன். நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். ஒரே விஷயந்தான்.

ஏன் வந்தேன்னு கேக்கிறியளா? நல்ல கேள்வி. பத்து நாளைக்கு முன்னால அந்தப் பொண்ணே பத்திரிகையோட வீட்டுக்கு வந்தா. எங்க வீட்டுல அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா, என்ன அழுகையோ. அந்தப் பொண்ணு என் முன்னால வந்து நின்னு, “மாமா, அப்பா உங்களைக் கூப்பிட வேண்டாம்னார். வந்தா நீங்க சங்கடப்படுவியளாம். நான்தான் வந்தேன்”னா.

“எனக்கு என்னம்மா சங்கடம்? திருடினது நானா?”ன்னேன்.

“அப்பா அந்தக் காசை எடுக்காம இருந்திருந்தா அன்னைக்கு உங்களுக்கு என்ன ஆயிருக்கும்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யோசிச்சியளா மாமா?”

“என்ன ஆயிருக்கும்? முதல் பரிசு குடுத்திருப்பாங்க.”

பத்திரிகையை மேசையில வச்சா, ரெண்டு கையாலயும் கும்பிட்டா, போயிட்டா. அப்பன் மாதிரித்தான். ஒரு சொல்லுக்கு மறுசொல்லு கிடையாது. அப்படிப்பட்ட ஆளுககிட்ட எப்படிச் சண்டை போட?

இருங்க, ஜூஸ் கொண்டாரான். எனக்கு வேண்டாம். சரி, குடு.

இன்னொண்ணு சொல்லுதேன் கேளுங்க, இந்த ஊர்ல எப்படியெல்லாம் ஏமாத்தப் பாக்காங்கன்னு. போன கோடையில ஆத்துல தண்ணி வத்திக்கிடந்துது. பாலத்துக்கு அடியில காசு அரிக்கிற ஆளுக உண்டு, பாத்திருப்பிய, சனங்க வேண்டிக்கிட்டுத் தண்ணியில எறியுற சில்லறையைச் சல்லடை போட்டு அரிச்சு எடுப்பாங்க. அதுல ஒருத்தன் ஒரு நாள் மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்தான். எங்க வீட்டுல கோயிலுக்குப் போயிருந்தா. துணியில மடிச்சு ஒண்ணு வச்சிருந்தான். “ஐயா, இது உங்களோடதுதானே? பேப்பர்ல படம் பாத்திருக்கேன்”னான்.

பாத்தேன். தூணு ரெண்டு இருந்துது. உருண்டை இருந்துது. என் காசுல என்ன வருஷமோ அதே வருஷம். கிரீடத்துக்குக் கீழ ஒரு துளிப் பள்ளம் உண்டு என் காசுல, எனக்கு மட்டும் தெரிஞ்சது. அதுவும் இருந்துது, அதே இடத்துல. ஆனா அண்ணாச்சி, காசு பூராவும் பச்சை. மேல இருந்த வெள்ளைத்தோலு அங்கங்க உரிஞ்சு, உள்ள செம்பு மாதிரிச் செவப்பாத் தெரியுது.

வெள்ளி பச்சை பிடிக்குமா? சொல்லுங்க. அப்படி உரியுமா? உரியாது. அப்போ அது என் காசு எப்படி ஆகும்? ஆகாது. என் காசு வெள்ளி. “இது என்னுது இல்லப்பா”ன்னேன்.

அவன் தலையைச் சொறிஞ்சான். “முதல்ல டாக்டரய்யாகிட்டத்தான் கொண்டுபோனேன். அவங்க ரூவா குடுத்து, திரும்பவும் ஆழமான இடமாப் பாத்துப் போட்டுரு, உங்க வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோயிராதன்னாங்க. நான்தான், உங்க பொருளாச்சேன்னு...” அப்படின்னு இழுத்தான். ரெண்டு இடத்துலயும் கறக்கலாம்னு வந்திருக்கான், களவாணி.

நானும் குடுத்தேன். எதுக்குக் குடுத்தேன்னு தெரியல. சும்மா, வெயில்ல வந்திருக்கானேன்னு. “டாக்டர் சொன்ன மாதிரியே பண்ணு, ஆழமாப் போடு”ன்னு அனுப்பி வச்சேன். அவன் தெரு முக்குத் திரும்புற வரைக்கும் வாசல்ல நின்னேன். அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல, “ஏன் ஒரு மாதிரி இருக்கிய, சாப்பிடலியா”ன்னா. பசிக்கலன்னேன். அவ்வளவுதான். அதுல ஒண்ணும் இல்ல.

அது என் காசு இல்ல, விளங்குதா? நான் உங்களுக்குச் சொன்னது, சனங்க எப்படி ஏமாத்துதாங்கங்கிறதுக்காக.

ஐயோ, அவன் மேடையை விட்டு இறங்கிட்டான். இங்ஙன பாத்துக்கிட்டே வாரான். எங்க வீட்டுல காட்டிக் குடுத்திருப்பா, அவ கையை நீட்டுறதைப் பாருங்க. இவ்வளவு பேரு வரிசையில நிக்காங்க, எல்லாரையும் நிப்பாட்டிட்டு இவன் வாரான். போட்டோவுக்குக் கூப்பிடத்தான் வாரான். குடும்பப் போட்டோவாம். என்னை நடுவுல நிறுத்தி, எல்லார் முன்னாலயும் தான் எவ்வளவு நல்லவன்னு காட்டணும் அவனுக்கு. நடிப்பு. நாடகக்காரன்.

போகாம இருந்தா மரியாதை இல்ல. என் பொஞ்சாதி கோமு வேற முறைக்கா. இந்தத் துண்டு நேரா இருக்கா பாருங்க.

அண்ணாச்சி, அவன் கிட்ட வாரதுக்குள்ள ஒரு வார்த்தை. அவன் திருடன்னு சொன்னேன்ல, அதை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க, சம்பந்தகாரங்ககிட்டச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்த ஆத்து ஆளு வந்த விஷயம், அது மட்டும் இங்ஙனயே இருக்கட்டும். முக்கியமா இவன்கிட்டச் சொல்லிராதீங்க. அந்தப் பச்சைக் காசை நான் பாத்துட்டேன்னு இவனுக்குத் தெரியவே வேண்டாம்.